என்ர மகன் எழும்பி நடக்கேல்ல

உங்கட செபக்கூட்டத்துக்கு என்னைக் கூப்பிட்டுச் சாட்சி சொல்லச் சொன்னதுக்கு நன்றி. முதலே ஒண்டைச் சொல்லிப்போடுறன். என்ர மகன் எழும்பி நடக்கேல்ல. இனி நடக்கவும் மாட்டான். அவன் நடந்த கதையைக் கேட்டுக் கைதட்டிப்போட்டுப் போகலாம் எண்டு வந்தவை இப்பவே வீட்ட போங்கோ, சோறு ஆறிப்போகும். ஆனா நான் செபிச்சனான். ஆண்டவர் அதைக் கேட்டவர். அதைச் சொல்லத்தான் வந்து நிக்கிறன்.

என்ர பேர் பிலோமினா. இலுப்பைக்கடவையில இருக்கிறன். என்ர மனிசன் சூசைதாசன் கடல் தொழில். சண்டை முடிஞ்சு, முகாமால விட்டு, ஊருக்குத் திரும்பி வந்து, தறப்பாள் கொட்டில் இருந்த இடத்தில ஒரு மாதிரி ஓட்டு வீடு எழும்பின காலம். இனி மூச்சு விடலாம் எண்டு நினைச்சம். அப்பதான் எங்கட ஜெறோமைக் கவனிச்சம்.

அவன் அப்ப பள்ளிக்கூடம் போகத் தொடங்கியிருந்தான். மற்றப் பெடியள் மாதிரி ஓடமாட்டான். ஓடினா விழுவான். விழுந்தா நேர எழும்ப ஏலாது. முதல் நாலு காலில நிப்பான். பிறகு முழங்காலில கையை ஊண்டி, தொடையில கையை ஊண்டி, தன்ர உடம்பிலயே தான் ஏறுற மாதிரி ஏறித்தான் நிமிருவான். ஆனா கெண்டைக்கால் ரெண்டும் பருத்துக் கல்லு மாதிரி இருக்கும். அதைப் பாத்து, "இவன் பெரிய பந்தடிகாரனா வருவான்" எண்டு சனம் சொல்லிச்சுது. நாங்களும் பெருமைப்பட்டம். பலம் எண்டு நாங்கள் நினைச்சதுதான் வருத்தம் எண்டு எங்களுக்கு ஆர் சொல்லுறது?

மன்னாரில பாத்தினம். பிறகு கொழும்புக்கு அனுப்பினம். இரத்தம் எடுத்துப் பாத்துப் பேரைச் சொல்லிச்சினம். டுஷென். தசை கொஞ்சம் கொஞ்சமா நலிஞ்சு போற வருத்தம். அனேகமா ஆம்பிளைப் பிள்ளையளுக்குத்தான் வரும். முதல் கால், பிறகு கை, பிறகு நெஞ்சு. அந்த டொக்டர் நல்ல மனிசன். ஒரு நேர்ஸ் மிஸ்ஸியைக் கூப்பிட்டுத் தமிழில சொல்ல வச்சார். நான் பாதியைத்தான் கேட்டனான். மிச்சப் பாதி காதுக்குள்ள ஏறேல்ல. குளிசை தந்தினம். அதை நினைச்சபாட்டுக்கு நிப்பாட்டக் கூடாது எண்டு சொல்லிச்சினம். அதை மட்டும் கெட்டியாப் பிடிச்சுக்கொண்டு வீட்ட வந்தன்.

சூசைதாசன் அண்டையில இருந்து கதைக்கிறதை விட்டிட்டார். கடலுக்குப் போவார், வருவார், வலையைப் பாத்துக்கொண்டு இருப்பார். நான் குசினிக்குள்ள அழுவன்.

பிறகு சனம் வரத் தொடங்கிச்சுது. ஐயோ, அந்தச் சனம்! ஒரு வீட்டில வருத்தக்காரப் பிள்ளை எண்டு தெரிஞ்சாப் போதும், வாயில வந்ததெல்லாம் மருந்து. பிஸ்கற் பெட்டியோட வருவினம். பிள்ளைக்கு முன்னாலயே, "பாவம், எவ்வளவு நாளைக்காம்?" எண்டு கேப்பினம். கேட்டுப்போட்டுத் தேத்தண்ணிக்குச் சீனி காணாது எண்டு சொல்லுவினம். ஒருத்தர் ஆட்டுக்கால் சூப்பு எண்டார். ஒருத்தர் எண்ணெய் எண்டார். ஒரு பெரியவர் செபமாலையைக் கையில வச்சுக்கொண்டு, "தாய் தகப்பன் செய்த ஏதோ ஒண்டு" எண்டு இழுத்தார். நான் வாசலைக் காட்டினன். இன்னொருத்தி வந்து, "கடவுள் விசேசமான பிள்ளையளை விசேசமான தாய்மாருக்குத்தான் குடுக்கிறவர்" எண்டாள். "அப்ப உனக்கு ஏன் சும்மா பிள்ளையளைத் தந்தவர், நீ விசேசம் இல்லையோ?" எண்டு கேட்டன். அதோட அவள் வாறேல்ல. நல்லதாப் போச்சு.

எல்லாரிலயும் பெரிய ஆள் எங்கட எமில்டா மச்சாள். என்ர மனிசன்ர அக்கா. இப்ப அவவும் இந்த மண்டபத்தில இருக்கிறா. நான் என்ன சொல்லப்போறன் எண்டு அவவுக்குத் தெரியும், கேட்டுப்போட்டுத்தான் சொல்லுறன். மச்சாளுக்குப் பக்தி கூட. எந்தக் கூட்டம் நடந்தாலும் முன் வரிசையில இருப்பா. ஜெறோமின்ர முகம் குளிசையால ஊதிப்போச்சு, அதை நிப்பாட்டிப்போட்டு விசுவாசத்தைப் பிடி எண்டு என்னோட சண்டை பிடிச்சா. "மச்சாள், குளிசையும் ஆண்டவர் குடுத்த மூளையாலதான் செய்தவை" எண்டு சொல்லிப்போட்டு நான் என்ர வேலையைப் பாத்தன்.

ஜெறோமுக்குப் பத்து வயசு வரேக்க அவன் சுவரைப் பிடிச்சுக்கொண்டுதான் நடப்பான். அந்த முறை வயல் அறுத்து முடிஞ்ச காலத்தில, ஒரு வெளியில பெரிய பந்தல் போட்டுச் சுகமளிக்கிற கூட்டம் எண்டு அறிவிச்சினம். தூர இடத்தில இருந்து ஒரு ஊழியக்காரர் வாறார், முடவர் நடப்பினம், குருடர் பாப்பினம் எண்டு ஓட்டோவில சொல்லிக்கொண்டு போச்சினம். எனக்குப் போக மனமில்ல. ஆனா அதை ஜெறோம் கேட்டுப்போட்டான். இரவுச் சாப்பாட்டில கையை வச்சுக்கொண்டு, "அம்மா, நான் ஒருக்கா ஓடிப் பாப்பனோ?" எண்டான். பிள்ளை அப்பிடிக் கேட்டா நீங்கள் என்ன செய்வியள்? மச்சாள் வான் பிடிச்சா. போனம்.

அந்த ஊழியக்காரரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேணும். வெள்ளைக் கோட்டு. அந்த வெக்கைக்குள்ள கோட்டு! அவருக்குப் பின்னால ஒரு காத்தாடி, எங்களுக்கு ஒண்டும் இல்ல. கதைக்கிறது எங்கட தமிழும் இல்ல, புத்தகத் தமிழ். தலையிடிக்காரருக்குச் சுகம் வந்தது, முதுகு நோவுக்காரருக்குச் சுகம் வந்தது. கண்ணுக்குத் தெரியாத நோவெல்லாம் நல்லா மாறிச்சுது. பிறகு அவற்ர ஆக்கள் சனத்துக்குள்ள வந்து ஜெறோமைக் கண்டு மேடைக்குத் தூக்கிக்கொண்டு போச்சினம்.

"மகனே, நீ விசுவாசிக்கிறாயா?" எண்டு மைக்கில கேட்டார்.

"ஓம்" எண்டான் என்ர பிள்ளை.

அக்குளுக்குள்ள கையைக் குடுத்துத் தூக்கி நிப்பாட்டினார். ஜெறோம் ஒரு அடி வச்சான். இன்னொரு அடியும் வச்சான். வீட்டில சுவரைப் பிடிச்சு வைக்கிற அதே அடிதான். சனத்துக்கு அது தெரியாதே. பந்தல் அதிர்ந்துது. அல்லேலூயா எண்டு கத்தினம், அழுதினம். மச்சாள் முழங்காலில விழுந்திட்டா. அந்தாளுக்கு அது காணாது.

"ஓடு மகனே, ஓடு!" எண்டு சொல்லிக் கையை விட்டார்.

பிள்ளை விழுந்தான். விறகு முறியிற மாதிரி ஒரு சத்தம் மைக்குக்குள்ளால எல்லாருக்கும் கேட்டுது. தொடை எலும்பு.

நான் மேடைக்கு ஓடிப் போக, அந்தாள் மைக்கைப் பொத்தவும் இல்ல. "தாயின் உள்ளத்திலே சந்தேகம் இருக்கிறது" எண்டார். அதுதான் அவர் சொன்ன ஆறுதல். அந்தப் பக்கத்தில பாட்டுக்காரன் ஒருத்தன் ஓகன் கட்டையை அமத்த, அடுத்த பாட்டு தொடங்கிச்சுது. என்ர பிள்ளை நிலத்தில கிடந்து குளறுறான், சனம் பாட்டுக்குக் கை தட்டுது. நான் இண்டைக்கும் அந்தாளை மன்னிச்சிட்டன் எண்டு சொல்லமாட்டன். மன்னிக்க வேணும் எண்டு சொல்லிக்கொண்டு ஒருத்தரும் என்னட்ட வராதேங்கோ. அதை நானும் ஆண்டவரும் பாத்துக்கொள்ளுறம்.

சூசைதாசன் மேடையில ஏறிப் பிள்ளையைத் தூக்கினார். வருசக்கணக்கா வாய் திறக்காத மனிசன். அந்த வெள்ளைக் கோட்டைப் பாத்து ஒரு வசனம்தான் சொன்னார்.

"ஐயா, விட்ட கையைப் போய்க் கழுவிக்கொள்ளுங்கோ."

முருங்கன் ஆஸ்பத்திரிக்கு வான் போச்சுது. அங்க காலைப் பலகை வச்சுக் கட்டி, அம்புலன்ஸில மன்னாருக்கு அனுப்பினம். டொக்டர்மார் நல்லாப் பாத்தினம். பெரிய டொக்டர் என்னைக் கூப்பிட்டு இருத்தி, "அம்மா, எலும்பு பொருந்தும். ஆனா இந்த வருத்தத்தோட இவ்வளவு நாள் படுத்தா, பிறகு நடக்கிறது கஸ்ரம்" எண்டார். அவர் மெல்லமாத்தான் சொன்னார். நான் வெளியில வந்து நிண்டன்.

மச்சாள் வந்தா. கையில ஒரு போத்தல், அந்தக் கூட்டத்தில குடுத்த எண்ணெய். "பிலோமினா, இன்னும் நம்பினா..." எண்டு தொடங்கினா. அவவைத் தாண்டிப் போனன்.

ஆஸ்பத்திரிக்குப் பின்னால துணி தோய்க்கிற பைப்படி ஒண்டு இருந்துது. பிள்ளையின்ர சறத்தைத் தோய்க்கப் போனன். அங்க நிண்டுதான் செபிச்சன். முழங்காலில நிக்கேல்ல, மரியாதையாவும் கேக்கேல்ல. சவர்க்கார நுரையோட நிண்டு, பல்லைக் கடிச்சுக்கொண்டு சொன்னன். "ஆண்டவரே, உம்மட பேரைச் சொல்லிக்கொண்டு வாறவையோட எனக்குப் போதும். இனி எனக்கு அற்புதம் வேண்டாம். எனக்குப் பொய் சொல்லாத ஒரு ஆளை அனுப்பும். ஒரே ஒரு ஆள். அதுவும் ஏலாது எண்டா என்னை விட்டிடும்." இதுதான் நான் செபிச்ச செபம். புத்தகத்தில இல்ல.

அடுத்த நாள் காலமை. ஜெறோமின்ர கால் கட்டுப்போட்டு இழுத்து வச்சிருக்கு. நான் பக்கத்தில ஒரு மர வாங்கில இருக்கிறன். வாசலால ஒரு பொம்பிளை எட்டிப் பாத்தா. கறுத்த அபாயா, கையில ஒரு குறடு. அவவுக்குப் பின்னால சில்லுக் கதிரையில ஒரு பெடியன், அரும்பு மீசை, நல்ல வடிவான முகம். அவ என்னைப் பாக்கேல்ல. ஜெறோமின்ர மற்றக் காலைப் பாத்தா. அந்தக் கெண்டைக்காலைப் பாத்தா.

"தங்கச்சி, உங்கட பிள்ளைக்கும் டுஷெனோ?"

டொக்டர்மாரை விட்டா அந்தப் பேரை வாயால சொன்ன முதல் ஆள் அவதான். தலையை ஆட்டினன். அவ கதிரையைத் தள்ளிக்கொண்டு உள்ள வந்து, கேக்காமலே என்ர வாங்கில இருந்தா. பேர் ஹசீனா, எங்கட பக்கத்தில முஸ்லிம் அக்காமாரை ராத்தா எண்டுதான் கூப்பிடுறது. முசலிப் பக்கம். புத்தளத்தில இடம்பெயர்ந்து கிடந்து, திரும்பி வந்து குடியேறின ஆக்கள். கதிரையில இருந்தது அவவின்ர மகன் நௌசாத். அதே வருத்தம்.

நான் எல்லாரிட்டயும் கேட்டு அலுத்த கேள்வியை அவவிட்டயும் கேட்டன். "ராத்தா, இது மாறுமோ?"

"மாறாது" எண்டா. சுத்தி வளைக்கேல்ல, கண்ணைத் திருப்பேல்ல. "மாறும் எண்டு ஒருத்தன் வந்தாக் கதவைப் பூட்டு. அவன் எந்தச் சமயக்காரனா இருந்தாலும் பூட்டு. எங்களிட்டயும் வந்தவங்கள், ஓதினவங்கள், கயிறு கட்டினவங்கள். மாறாது தங்கச்சி. ஆனாப் பாக்கலாம். நல்லாப் பாத்தா நாள் கூடும், நோ குறையும், பிள்ளை சிரிச்சுக்கொண்டிருப்பான். இந்தா, என்ர மகன் இருக்கிறார்தானே."

நௌசாத் சொன்னான், "சிரிக்கிறது கிரிக்கெற் வெண்டா மட்டும்தான் அன்ரி. உம்மா கூட்டிச் சொல்லுறா."

ஜெறோம் சிரிச்சான். விழுந்த நாளுக்குப் பிறகு அண்டைக்குத்தான் சிரிச்சான். நான் அழுதன். மாறாது எண்ட சொல்லைக் கேட்டு ஒரு தாய்க்கு ஆறுதல் வந்தது எண்டா நீங்கள் நம்புவியளோ? எனக்கு வந்தது. இவ்வளவு நாளும் எல்லாரும் என்னைத் தூக்கித் தூக்கிக் கீழ போட்டவை. அவ என்னை நிலத்தில நிப்பாட்டினா.

இன்னொண்டும் கேட்டன். எங்கட மச்சாளாக்கள் குசுகுசுத்த கதை அது. "ராத்தா, இது என்ர வயித்தால வந்ததோ?"

"ஓம், அனேகமாத் தாயிட்ட இருந்துதான் வாறது. சில பிள்ளையளுக்குப் புதுசாயும் வரும். என்ர மூக்கு என்ர உம்மாவிட்ட இருந்து வந்தது, அதுக்கு ஆரும் என்ர உம்மாவைக் குத்தஞ்சொல்லுறேல்லயே? இதுவும் அப்பிடித்தான். உனக்குப் பொம்பிளைப் பிள்ளை இருந்தா டொக்டரிட்டச் சொல்லு, அவளையும் பாக்கவேணும். சில தாய்மாரின்ர இருதயத்தையும் இது தொடும், உன்ர நெஞ்சையும் ஒருக்காக் காட்டிப் பார். அழுறதை வீட்ட போய் அழு."

என்ர அம்மாவின்ர தம்பி ஒருத்தர் சின்னனில நடக்க ஏலாமல் போய்ப் பெடியனாவே செத்தவர். வாதம் எண்டு எங்கட வீட்டில சொல்லிப் புதைச்சதை அண்டைக்குத்தான் விளங்கிக்கொண்டன்.

அண்டையில இருந்து ராத்தா எனக்கு வாத்தியார். நல்ல வாத்தியார் எண்டு நினைக்காதேங்கோ, ஏசுவா. ஜெறோமை நான் அக்குளுக்குள்ள கையைக் குடுத்துத் தூக்கப் போக, "விடு! தோள் பலமில்லாத பிள்ளை, கழண்டு வரும்" எண்டு கத்தினா. முழங்காலுக்குக் கீழ ஒரு கை, முதுகுக்கு ஒரு கை குடுத்து எப்பிடித் தூக்கிறது எண்டு காட்டினா. குதிக்காலைப் பிடிச்சுப் பாதத்தை மெல்ல மேல தள்ளி நரம்பை எப்பிடி இழுக்கிறது எண்டு பிசியோ மிஸ்ஸியைக் கூட்டிக்கொண்டு வந்து என்ர கையில பழக்கினா. அதை ஒவ்வொரு நாளும் செய்யவேணும், நாங்கள் சாப்பிடுறம், அதுமாதிரி. முதுகு வளையாமல் இருக்கக் கதிரை அளவாய் இருக்கவேணும், ஆரோ பெரிய ஆள் பாவிச்ச கதிரையைத் தருமம் எண்டு தந்தா வாங்காத எண்டா. இருதயத்தை வருசா வருசம் பாக்கவேணும், நோ இல்ல எண்டு விடக்கூடாது. பல்லுப் பிடுங்கப் போனாலும் முதல் வருத்தத்தின்ர பேரைச் சொல்லவேணும், சில மயக்க மருந்து ஆகாது. சாப்பாட்டைப் பாத்துக் குடு, நிறை கூடினா உன்ர இடுப்புத்தான் முறியும்.

எனக்கு ஒரு சந்தேகம். நாலு வருசமா எங்கட வீட்டுக்கு வந்த அந்தப் பிஸ்கற் பெட்டிச் சனம் முழுதும் சேர்ந்து சொன்னதில இதில ஒரு சொல் இருந்துதோ? ஒரு சொல்?

வீட்ட வந்தம். டொக்டர் சொன்னபடிதான், ஜெறோம் திரும்ப நடக்கேல்ல. கிளினிக்கால அவன்ர அளவுக்குக் கதிரை கிடைச்சுது. ஆனா கட்டிலில இருந்து கதிரைக்கு, கதிரையில இருந்து குளிக்கிற இடத்துக்குத் தூக்க என்னால ஏலாமல் வந்தது. அதைச் சூசைதாசன் பாத்துக்கொண்டு இருந்தார். ஒரு நாள் கடலால வந்தவர் வலைப்பக்கம் போகேல்ல. படகில எஞ்சின் தூக்கிற கப்பியைக் கொண்டுவந்து வீட்டுக் கூரை வளையில பூட்டினார். படங்குத் துணியை ரெண்டாய் மடிச்சுத் தொட்டில் மாதிரித் தைச்சார். முதல் தான் அதுக்குள்ள இருந்து என்னை இழுக்கச் சொன்னார். கயிறு தாங்கிச்சுது. பிறகு மன்னாரில இருந்து வந்த பிசியோ மிஸ்ஸி பாத்து, கழுத்துக்கும் ஒரு துண்டு வச்சுத் தைக்கச் சொல்லிப்போட்டு, இது நல்லாய் இருக்கு எண்டா. அண்டைக்கு அந்த மனிசன் சிரிச்ச சிரிப்பு! செத்துப்போன வாய் திரும்ப உயிர்த்தமாதிரி. உயிர்ப்பு எண்டா இதுதான் எண்டு நான் நினைக்கிறன், நீங்கள் என்ன நினைச்சாலும்.

பள்ளிக்கூடத்துக்கும் விட்டனான். "இவர் படிச்சு என்ன செய்யப்போறார்?" எண்டு ஒரு பெரிய மனிசர் கேட்டார். "நீங்கள் படிச்சு என்னத்தைச் செய்துபோட்டியள்?" எண்டு நானும் கேட்டன். ஜெறோம் போனில காத்தும் கடலும் பாத்துச் சொல்லுவான். எந்தப் பக்கம் காத்துத் திரும்புது, எப்ப கடல் கொந்தளிக்கும் எண்டு பாத்து வச்சிருப்பான். எங்கட துறையில தொழிலுக்குப் போறவை அவனிட்ட கேட்டுப்போட்டுத்தான் போவினம். அவன் சொன்னதைக் கேக்காமல் போய் வலையைத் தொலைச்சவை இருக்கினம். அவைக்கு அவன் ஒரு மாதம் பதில் சொல்லமாட்டான். தாயின்ர வாய் பிள்ளைக்கும் வந்திருக்கு.

மூண்டு வருசத்துக்கு முந்தின மாரியிலதான் பெரிய சோதனை வந்தது. ஜெறோமுக்குத் தடிமன் நெஞ்சுக்குள்ள இறங்கிச்சுது. இந்தப் பிள்ளையளுக்கு இருமப் பலமில்ல, சளி அடைச்சுப்போகும். ரெண்டு நாளா மழை. காலமை பாத்தா அவன்ர உதடு நீலம். மூச்சு மேல மேல இழுக்குது, இருமப் பாக்கிறான், வரேல்ல. கண் என்னைப் பாக்குது. றோட்டுக்கு மேல தண்ணி, அம்புலன்ஸ் வர ஏலாது எண்டு சொல்லிச்சினம். சூசைதாசன் உழவு மெசின் பிடிக்க ஓடினார்.

அந்த நேரம் பாத்து எமில்டா மச்சாள் வந்தா. குடையோட, நனைஞ்சுகொண்டு, திரும்பவும் ஒரு எண்ணெய்ப் போத்தல். "நெத்தியில பூசிச் செபிப்பம்" எண்டு அழுறா.

"எண்ணெயை மேசையில வையுங்கோ மச்சாள்" எண்டன். "வச்சிட்டு வந்து இவன்ர தலையை நிமித்திப் பிடியுங்கோ. செபத்தை வாயால சொல்லிக்கொண்டு பிடியுங்கோ, கையை விடாதேங்கோ."

எங்களுக்குக் கிளினிக்கில ஒரு காத்துப்பை தந்து பழக்கியிருந்தவை. முகத்தில மூடியை வச்சு அமத்தினா நெஞ்சுக்குள்ள காத்துப் போகும். போனில ராத்தாவைப் பிடிச்சன். சத்தத்தைக் கூட்டி மேசையில வச்சன்.

"பயப்பிடாத" எண்டா ராத்தா. "ஒருக்கா அமத்து, விடாமல் மேல இன்னொருக்கா. நெஞ்சு நிரம்பட்டும். ஜெறோம், மகன், காத்தைப் பிடிச்சுக்கொள். இப்ப இருமு! பிலோமினா, வயித்தில கையை வச்சு மேல தள்ளு!"

தள்ளினன். வரேல்ல. திரும்ப. வரேல்ல. மச்சாள் "அருள் நிறைந்த மரியே" எண்டு நடுங்கி நடுங்கிச் சொல்லுறா, ஆனா அவவின்ர கை ஆடேல்ல. திரும்ப அமத்தி, திரும்பத் தள்ள, ஒரு பெரிய சளிக்கட்டி கிளம்பி வந்தது. நான் விரலால வழிச்சு எடுத்தன். பிள்ளை மூச்சை இழுத்தான். அந்தச் சத்தம் எனக்கு இப்பவும் கேக்கும். உதட்டில நிறம் திரும்பிச்சுது.

உழவு மெசின் பெட்டியில, படங்கு மூடிக்கொண்டு, தண்ணிக்குள்ளால போனம். வழி முழுக்க மச்சாள் தலையைப் பிடிச்சுக்கொண்டு வந்தா, நான் பையை அமத்தினன். ஆஸ்பத்திரியில ஊசியால மருந்து ஏத்திச்சினம். ஒரு கிழமையில வீட்ட வந்தான். அதுக்குப் பிறகு நித்திரையில மூச்சுக்கு உதவுற மெசினும் கிளினிக்கால கிடைச்சுது.

இப்ப எங்கட வீட்டில காத்துப்பை அமத்துறதில திறம் எமில்டா மச்சாள்தான். என்னைவிடத் திறம். அதை இந்த மைக்கில சொல்லத்தான் வேணும். பக்தியைக் கைக்குக் கொண்டுவந்த ஆள் எண்டு நான் ஆரையும் சொன்னா அவவைத்தான் சொல்லுவன்.

ஒரு நாள் ராத்தாவிட்டக் கேட்டன், "அண்டைக்கு நீங்கள் ஏன் ஆஸ்பத்திரிக்கு வந்தனீங்கள்? நௌசாத்துக்கு வருத்தம் ஒண்டும் இல்லையே?"

"கிளினிக் இல்ல ஒண்டும் இல்ல" எண்டா. "நௌசாத் கடைக் கொத்துரொட்டி வேணும் எண்டு அடம். கூட்டிக்கொண்டு ரவுணுக்கு வந்தா, ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில கதிரைச் சில்லு கழண்டு போச்சு. உள்ள வந்து குறடு வாங்கிப் பூட்டினனான். அதைத் திருப்பிக் குடுக்கப் போகேக்கதான் உன்ர பிள்ளையின்ர காலைக் கண்டன்." பைப்படியில நான் கேட்ட செபத்தை அப்பதான் அவவுக்குச் சொன்னன். "அப்ப அந்தச் சில்லை அல்லாஹ்தான் கழட்டினவன்" எண்டா. நான் ஆண்டவர் எண்டன். ரெண்டு பேரும் சிரிச்சம்.

போன வருசம், நோன்புப் பெருநாள் முடிஞ்ச கையோட, நௌசாத் மவுத்தானான். இருதயம் நிண்டு போச்சுது. அவன் வளந்த ஆம்பிளையா, தாடியோட, ஒரு போன் கடைக்கு வீட்டில இருந்து கணக்குப் பாத்துக் குடுத்துக்கொண்டு இருந்தவன். நாங்கள் முசலிக்குப் போனம். ஜெறோமும் வந்தவன். அங்கயும் ஒரு ஆள் இருந்துதே! எல்லா இடத்திலயும் ஒண்டு இருக்கும். "இவ்வளவு பாத்தும் என்னத்தைக் கண்டியள்?" எண்டு ராத்தாவிட்டக் கேட்டுது.

ராத்தா நிமிர்ந்து பாத்தா. "மகனைக் கண்டன்" எண்டா. "ஒவ்வொரு நாளும் கண்டன்."

அவவுக்கு விசுவாசம் காணாது எண்டு ஆராவது சொல்லிப்பாருங்கோ. எனக்கு முன்னால சொல்லிப்பாருங்கோ.

துக்கம் முடிஞ்சு ராத்தா திரும்ப வந்தா. முருங்கனில ஒரு வீட்டு முற்றத்தில மாதத்தில ஒருக்கா நாங்கள் கூடுறம். உயிலங்குளத்தால ஒரு குடும்பம், தீவுப்பக்கத்தால குடும்பங்கள், முசலியால, வன்னிப்பக்கத்தால. வேதக்காரர், முஸ்லிம், சைவக்காரர் எண்டு எல்லாரும் இருக்கினம். பிசியோ மிஸ்ஸி வந்து பிள்ளையளைப் பாக்கிறா. ஆருக்குப் பெரிய கதிரை தேவை, ஆருக்குச் சின்னனாப் போச்சு எண்டு மாத்திக்கொள்ளுவம். தகப்பன்மாருக்குச் சூசைதாசன் கப்பி பூட்டிக் குடுக்கிறார். இப்பல்லாம் அவற்ர கதையை நிப்பாட்ட ஏலாது. தாய்மார் இருந்து அழுவினம், ஏசுவினம், சிரிப்பினம். ஒருத்தரும் ஒருத்தருக்கும் பொய் சொல்லுறேல்ல. நான் போய் வந்த கோயில் கூட்டங்களில அப்பிடி ஒரு கூட்டத்தை நான் காணேல்ல.

ஆண்டவருக்கு நன்றி. நான் கேட்டது ஒரு ஆளை. அவர் தந்தது ஒரு முற்றம் நிறைஞ்ச ஆக்களை. ஜெறோமுக்கு இப்ப பத்தொன்பது வயசு. இண்டைக்குக் காலமை இடியப்பம் திண்டான், காத்து எந்தப் பக்கம் எண்டு தகப்பனோட சண்டை பிடிச்சான், என்ர சட்டை வடிவில்ல எண்டான். இன்னும் எவ்வளவு நாள் எண்டு எனக்குத் தெரியாது. அந்தப் பயம் என்னை விட்டுப் போகேல்ல, போயிட்டுது எண்டு சொன்னா அது பொய். ஆனா அந்தப் பயத்தோட இருக்கப் பழகிட்டன், தனிய இல்ல.

உங்கட வீட்டில, உங்கட பக்கத்து வீட்டில, அடிக்கடி விழுற, கெண்டைக்கால் பருத்த, தொடையில கை ஊண்டி எழும்புற ஆம்பிளைப் பிள்ளை இருந்தா கிளினிக்குக்குக் கொண்டு போங்கோ. பந்தலுக்குக் கொண்டு போகாதேங்கோ. பிறகு என்னட்ட வாங்கோ. நல்லாச் செபியுங்கோ, ஆனா உண்மையைக் கேட்டுச் செபியுங்கோ, அவர் அதைத் தர மறுக்கமாட்டார். அதைக் கொண்டுவாற ஆள் எந்த உடுப்பில வந்தாலும் வாங்கில இடம் விடுங்கோ.

கடைசியா ஒண்டு. நான் இவ்வளவு நேரம் சொன்னதை ஜெறோமும் கேட்டவன். எங்க இருந்து எண்டு நீங்கள் ஒருத்தரும் திரும்பிப் பாக்கேல்ல. வெளியில, யன்னலுக்குக் கீழ, வெயிலுக்குள்ள இருக்கிறான். ஏனெண்டா இந்த மண்டபத்துக்குப் படி இருக்கு, கதிரை ஏறப் பாதை இல்ல. சாட்சி சொல்லத் தாயைக் கூப்பிட்ட உங்களுக்கு, மகன் எப்பிடி உள்ள வருவான் எண்டு ஒருத்தருக்கும் யோசனை வரேல்ல. சூசைதாசன் மணலும் சீமெந்தும் கொண்டுவாறார். வாற சனிக்கிழமை காலமை பாதை போடத் தொடங்குறம். அற்புதம் பாக்க ஆசைப்படுறவை மண்வெட்டியோட வாங்கோ.